யார் இந்த ஹாஃப்கின்? காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி போட்டவரை அரசு ஏன் வேலையிலிருந்து தூக்கியது?

2021-ல் தடுப்பூசிக்காக வரிசையில் நின்ற நாட்களில் உங்கள் போனில் ஒரு எண் சுற்றிக்கொண்டே இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கோவாக்சின் 77.8 சதவீதம். அப்படியென்றால் ஊசி போட்ட பிறகும் நூற்றில் 22 பேருக்கு கொரோனா வந்துவிடுமா என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் கேட்காத ஆள் இல்லை. நான் அப்போது தினமும் தடுப்பூசி டேட்டாவை வைத்து சார்ட் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்துப்போனேன்.

77.8 என்பது உங்களைப் பற்றிய எண்ணே இல்லை. ஊசி போட்ட கூட்டத்தில் எத்தனை பேருக்கு நோய் வந்தது, போடாத கூட்டத்தில் எத்தனை பேருக்கு வந்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிற வித்தியாசம் அது. ஆக, அந்த எண் கிடைக்க வேண்டுமென்றால் ஊசி போடாத ஒரு கூட்டமும் இருந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கை 1890-களிலேயே கல்கத்தாவின் குடிசைப் பகுதியிலும், பம்பாயின் சிறையிலும், பரோடா சமஸ்தானத்து கிராமம் ஒன்றிலும் போட்டுப் பார்த்த ஒருவர் இருந்தார். ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர். மருத்துவப் பட்டம் இல்லாதவர், படித்தது விலங்கியல். பெயர் வால்டெமார் ஹாஃப்கின். மும்பை பரேலில் இருக்கும் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் என்ற பெயர் உங்களுக்குச் செய்திகளில் கண்ணில் பட்டிருக்கலாம். 2021-ல் கோவாக்சின் தயாரிக்க மத்திய அரசு அனுமதி கொடுத்த பொதுத்துறை நிறுவனம் அந்த ஆய்வகத்திலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான்.

பெயரை வைத்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் கதை சுவாரஸ்யமாகிறது. அவரைக் குற்றவாளியாக்கி வெளியே அனுப்பிய அதே அரசாங்கம்தான்.

ஒடெசாவிலிருந்து கல்கத்தா வரை

ஹாஃப்கின் பிறந்தது 1860, மார்ச் 15, கருங்கடல் ஓரத்து ஒடெசாவில். அங்கே பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியராக வாய்த்தவர் இல்யா மெச்னிகோவ். நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன என்று கண்டுபிடித்து, பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். 1881-ல் ஒடெசாவில் யூதர்கள் மீது கலவரம் நடந்தபோது, மாணவர் ஹாஃப்கின் யூதத் தற்காப்புக் குழுவில் இருந்தார். காயம் பட்டது, போலீஸ் பிடித்தது, மெச்னிகோவ் தலையிட்டதால் வெளியே வந்தார்.

படிப்பை முடித்தாலும் பதவி கிடைக்கவில்லை. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத்துக்கு மாறினால் கதவு திறந்திருக்கும். அவர் மாறவில்லை. 1888-ல் ஜெனீவா போனார், அடுத்த வருடம் பாரிஸில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். அங்கே முதலில் கிடைத்தது ஆய்வு வேலை அல்ல, நூலக உதவியாளர் வேலை. புத்தகம் அடுக்கிவிட்டு, கிடைத்த நேரத்தில் காலராக் கிருமியோடு மல்லுக்கட்டினார்.

இரண்டு டோஸ் திட்டம் ஒன்றை உருவாக்கினார். முதல் ஊசியில் வலுவிழக்கச் செய்த காலராக் கிருமி. சில நாட்கள் கழித்து இரண்டாவது ஊசியில், கினிப்பன்றிகளின் வயிற்றுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றாகச் செலுத்திச் செலுத்தி வீரியம் ஏற்றிய கிருமி. 1892, ஜூலை 18 அன்று தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. பாரிஸில் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. முயலிலும் கினிப்பன்றியிலும் வேலை செய்வது ஒன்று, காலரா சுற்றிவரும் ஊரில் மனிதர்களிடம் வேலை செய்வது வேறு. அதைச் சோதிக்க காலரா இருக்கிற இடம் வேண்டும். அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் டஃப்ரின் பிரபு, இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய். இந்தியாவுக்குப் போங்கள் என்று வழிகாட்டியவர் அவர்தான்.

1893 மார்ச்சில் கல்கத்தாவில் இறங்கினார். வயது 33.

குளத்தைச் சுற்றி 200 பேர்

முதல் வருடம் வட இந்தியா முழுக்க அலைந்தார். ஆக்ராவில் தொடங்கி ராணுவ முகாம், ஊர், தோட்டம் என்று போகிற இடமெல்லாம் ஊசி. 1895-க்குள் சுமார் 42,000 பேருக்குப் போட்டிருந்தார். ஆனால் ஹாஃப்கினுக்குத் தேவைப்பட்டது பெரிய எண் அல்ல. டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது புரியும். 42,000 பேருக்கு ஊசி போட்டேன், அதிகம் பேருக்குக் காலரா வரவில்லை என்று சொன்னால், அந்த ஊருக்குக் காலராவே வராமல் இருந்திருக்கலாம் அல்லவா? நோய் வந்த இடத்தில், அதே தண்ணீரைக் குடிக்கிற இரண்டு கூட்டம் வேண்டும்.

அது 1894 மார்ச்சில் கிடைத்தது. கல்கத்தாவின் சுகாதார அதிகாரி சிம்ப்சன் கூப்பிட்டார். காந்தல் பாகான் என்ற குடிசைப் பகுதி, நடுவில் ஒரு குளம், சுற்றி ஏறக்குறைய 200 பேர். ஏற்கெனவே காலரா தொடங்கி இரண்டு பேர் இறந்திருந்தார்கள். அங்கே 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள், மற்றவர்கள் போடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குடிசைகளில் புதிதாக 10 பேருக்குக் காலரா வந்தது, 7 பேர் இறந்தார்கள். பத்துப் பேருமே ஊசி போடாதவர்கள்.

இது எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் பகலில் இருக்க மாட்டார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், ஒரு நாள் கூலி போகும். அதனால் விடியற்காலையில் ஆட்கள் கிளம்பும் முன்பே போய், இருட்டிய பிறகு எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் மறுபடி உட்கார்ந்து போடுவார். அவரோடு வங்காளி டாக்டர்கள் இருந்தார்கள். அவர்களும் அவரும் முதலில் எல்லோர் முன்பும் தாங்கள் ஊசி போட்டுக் காட்டுவார்கள். பாஷை தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் ஊசியோடு வந்து நின்றால் யார் கை நீட்டுவார்கள்? அந்த டாக்டர்கள் இல்லாமல் இந்த டேட்டாவே இல்லை.

கல்கத்தா கணக்கு சில முக்கியமான விஷயங்களைச் சொன்னது. ஊசி போட்ட முதல் சில நாட்களில் பாதுகாப்பு இல்லை. அப்புறம் நன்றாக இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் போனால் குறைகிறது. இரண்டாவது டோஸ் போட்டு 14 நாள் கழித்துத்தான் கணக்கு, பிறகு பூஸ்டர் என்று நாம் 2021-ல் கேட்டதெல்லாம் இதே சங்கதிதான்.

இன்னொன்றையும் ஹாஃப்கின் கவனித்தார். ஊசி போட்டவர்களுக்குக் காலரா வருவது குறைந்தது. ஆனால் மீறி வந்துவிட்டால், ஊசி போடாதவர்களைப் போலவே சாகிறார்கள். தொற்றைத் தடுப்பது வேறு, சாவைத் தடுப்பது வேறு என்று அட்டவணையிலிருந்து படித்துக்கொண்டார். அடுத்த ஊசியை அதற்கேற்ப மாற்றினார்.

நெய் விட்ட குடுவை

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக். அக்டோபரில் ஹாஃப்கினை அங்கே அனுப்பினார்கள். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறை, ஒரு நடை, ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அவ்வளவுதான் ஆய்வகம். சில மாதங்களில் தடுப்பூசி தயார்.

அவர் செய்த முறை ஒரு சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். ஆட்டு இறைச்சிச் சாறு குடுவையில். மாடும் இல்லை, பன்றியும் இல்லை. யாருக்குப் போகப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். மேலே சில சொட்டு நெய். மிதக்கும் நெய்ப் படலத்தைப் பிடித்துக்கொண்டு பிளேக் கிருமி கீழ்நோக்கிச் சரஞ்சரமாக வளரும். அவ்வப்போது குடுவையைக் குலுக்கினால் சரம் உதிர்ந்து அடியில் தங்கும், மேலே மறுபடி வளரும். வாரக்கணக்கில் இப்படி வளர்த்து, கடைசியில் சூடாக்கிக் கிருமியைக் கொன்றுவிட்டு, சிறிது கார்பாலிக் அமிலம் சேர்ப்பார். செத்த கிருமி மட்டுமல்ல, அது கக்கிய நச்சுப் பொருளும் அந்தச் சாற்றிலேயே இருக்கும். காலராவில் கற்ற பாடம் இதுதான்: கிருமியின் உடல் நோய் வராமல் தடுக்கட்டும், நச்சுக்கு உடம்பு பழகினால் வந்தாலும் சாகாமல் இருக்கட்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

1897, ஜனவரி 10 அன்று வழக்கமான அளவைவிட மூன்று மடங்குக்கு மேல், 10 மில்லி, தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அதே மாதக் கடைசியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் புகுந்தது. முன்வந்த கைதிகளில் 147 பேருக்கு ஊசி. 172 பேருக்கு இல்லை. ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு நோய், 6 பேர் சாவு. போட்டவர்களில் 2 பேருக்கு நோய், சாவு இல்லை. நம் காலத்து முறையில் கணக்குப் போட்டால், நோய் வரும் வாய்ப்பு சுமார் 80 சதவீதம் குறைந்திருக்கிறது. கோவாக்சின் எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது பாருங்கள்!

ஆனால் இன்றைக்கு இந்த அட்டவணையை ஒரு எடிட்டரிடம் கொடுத்தால் திருப்பி அனுப்புவார், நான் எடிட்டராக இருந்தாலும் அனுப்புவேன். முன்வந்தவர்கள்தான் ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிட ஆரோக்கியமாக இருந்திருந்தால்? அதோடு, கதவு பூட்டிய சிறைக்குள் ஒருவர் சம்மதித்தார் என்றால் அதில் எத்தனை பங்கு சம்மதம்?

முதல் கேள்விக்கு ஹாஃப்கின் பதில் கொடுத்தார். அந்தப் பதில் இரண்டாவது கேள்வியை இன்னும் கடினமாக்கியது.

உந்தேராவில் பாதிப் பாதி

1898 பிப்ரவரி. பரோடா சமஸ்தானத்தில் உந்தேரா என்ற கிராமம். அங்கே பிளேக் ஏற்கெனவே இருந்தது. ஹாஃப்கினின் குழு கிராமத்தாரைக் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டு நிறுத்தியது. வயது, ஆண் பெண், உடல்நிலை எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக வருகிற மாதிரி ஒவ்வொரு குடும்பத்தையும் ஏறக்குறைய பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஊசி. மறு பாதிக்கு இல்லை. ஒரே கூரை, ஒரே எலி, ஒரே சோறு. ஊசி மட்டும்தான் வித்தியாசம்.

ஆறு வாரங்கள் கழித்துத் திரும்பிப் போய் எண்ணினார்கள். 28 குடும்பங்களுக்குள் பிளேக் நுழைந்திருந்தது. அந்தக் குடும்பங்களில் ஊசி போட்டவர்கள் 71 பேர்: 8 பேருக்கு நோய், 3 பேர் சாவு. ஊசி போடாதவர்கள் 64 பேர்: 27 பேருக்கு நோய், 26 பேர் சாவு.

இந்த எண்களைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். ஊசி போடாமல் நோய் வந்த 27 பேரில் ஒரே ஒருவர்தான் பிழைத்தார். ஊசி போட்டு நோய் வந்த 8 பேரில் 5 பேர் பிழைத்தார்கள். நோயும் குறைந்தது, வந்தவர்கள் சாவதும் குறைந்தது. காலராவில் கிடைக்காதது பிளேக்கில் கிடைத்தது. மொத்த இறப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்ததாகக் கணக்கு வந்தது. மருத்துவ ஆய்வில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிப்பது வழக்கமாவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்த காலத்தில், ஒரு விலங்கியல்காரர் குஜராத் கிராமத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்.

ஆனால் அந்த 26 பேர்? அண்ணனுக்கு ஊசி, தம்பிக்கு இல்லை. பைகுல்லா முடிவு கையில் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊசி வேலை செய்யும் என்று ஹாஃப்கினுக்கு ஓரளவுக்காவது தெரியும். தெரிந்தும் பாதிப் பேரை விட்டாரா, அல்லது முழு நம்பிக்கை வரும் வரை பாதிதான் நியாயமா? உந்தேரா அட்டவணை இல்லாமல் பிறகு லட்சக்கணக்கானோருக்கு ஊசி போட அரசு இறங்கி வந்திருக்காது என்று வாதாடலாம். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன், முழு நிம்மதியோடு அல்ல. இன்றைய விதிகளின்படி அந்தப் பரிசோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடாது.

அந்தக் காலத்தில் பிளேக் என்றால் வேறு என்ன நடந்தது என்பதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1897-ல் தொற்றுநோய்கள் சட்டம் வந்தது. 2020-ல் நம் மாநில அரசுகள் ஊரடங்குக்கு எடுத்துப் பயன்படுத்திய அதே சட்டம். சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தார்கள், ஆட்களை முகாமுக்கு இழுத்துப் போனார்கள், சாமான்களை எரித்தார்கள். புனேவில் ஆத்திரம் முற்றி, 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் ஊசி மட்டும் விரும்பியவர்களுக்கு. மூன்றாம் ஆகா கான் முன்னின்று தானும் போட்டுக்கொண்டு, தன் கோஜா சமூகத்தாரில் ஆயிரக்கணக்கானோரைப் போடவைத்தார். 1899-ல் பரேலில் பழைய கவர்னர் மாளிகை பிளேக் ஆய்வகமானது. இயக்குநர் ஹாஃப்கின்.

53-என் பாட்டில்

1902-ல் பஞ்சாப் அரசு பெரும் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. பரேலிலிருந்து கேட்ட அளவுக்கு மருந்து அனுப்ப வேண்டும். வேகத்துக்காக ஹாஃப்கின் ஒரு மாற்றம் செய்தார். கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுவிட்டு, சூட்டால் மட்டும் சுத்திகரிப்பது. பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் நடைமுறையில் இருந்த வழிதான்.

அக்டோபர் 30. முல்கோவால் என்ற கிராமம், இன்றைக்கு பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. அன்று 107 பேருக்கு ஊசி. சுமார் ஒரு வாரம் கழித்து, 53-என் என்று எண் போட்ட ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேருக்கும் ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். 19 பேரும் இறந்தார்கள். மற்ற பாட்டில்களிலிருந்து போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஒரு பாட்டிலுக்குள் டெட்டனஸ் கிருமி போயிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி ஒன்றே ஒன்று: எங்கே போனது? பரேலில் நிரப்பும்போதா, முல்கோவாலில் திறக்கும்போதா?

பம்பாய் தலைமை நீதிபதி ஜென்கின்ஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பரேலில்தான் தவறு என்ற முடிவுக்கு வந்தது. கார்பாலிக் அமிலத்தை விட்டது பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. ஹாஃப்கினைப் பொறுப்பிலிருந்து நிறுத்தினார்கள். 1904-ல் அவர் இந்தியாவை விட்டுக் கிளம்பினார்.

விஷயம் என்னவென்றால், மறுப்புக்கான ஆதாரம் விசாரணையின் பதிவுகளிலேயே இருந்தது. பாட்டில் நிரப்பப்பட்டதற்கும் திறக்கப்பட்டதற்கும் நடுவே 41 நாட்கள். டெட்டனஸ் கிருமி அத்தனை நாள் அந்தச் சாற்றில் வளர்ந்திருந்தால் நாற்றம் குடலைப் புரட்டியிருக்கும். திறந்த டாக்டருக்கு அப்படி எந்த நாற்றமும் தெரியவில்லை. 41 நாள் ஊறிய நச்சு உடம்பில் ஏறியிருந்தால் ஜன்னி சீக்கிரமே தொடங்கியிருக்க வேண்டும். ஒரு வாரம் ஆனது என்றால், கிருமி அப்போதுதான் உள்ளே போய் உடம்புக்குள் வளர நேரம் எடுத்திருக்கிறது. அன்று காலை உதவியாளர் ஒருவர் பாட்டில் கார்க்கைப் பிடுங்கும் இடுக்கியைத் தரையில் தவறவிட்டார் என்பதும் சாட்சியத்தில் இருந்தது. அதைத் தீயில் வாட்டவில்லை. கார்பாலிக் நீரில் நனைத்துவிட்டு, அதைக்கொண்டே 53-என் பாட்டிலைத் திறந்தார். கார்பாலிக் நீரில் நனைத்தால் மட்டும் சாகிற கிருமி அல்ல டெட்டனஸ்.

சிறைக் கைதிகளின் அட்டவணையை நம்பி ஒரு ஆய்வகத்தையே கட்டிக்கொடுத்த அரசாங்கம் இதைப் படித்துப் பார்க்க ஐந்து வருடம் எடுத்துக்கொண்டது. ஹாஃப்கின் ஆங்கிலேயர் அல்ல, டாக்டர் அல்ல, இந்திய மருத்துவ சேவைக்காரரும் அல்ல. மேலாக ரஷ்ய யூதர். அப்போது பிரான்சில் யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸ் மீது பொய்க்குற்றம் சாட்டிய வழக்கு இன்னும் ஓயவில்லை. இதைக் குட்டி டிரைஃபஸ் வழக்கு என்றே பிறகு பலர் அழைத்தார்கள்.

மலேரியா கொசு ஆய்வுக்கு நோபல் வாங்கிய ரொனால்ட் ராஸ் இந்த வழக்கைக் கையில் எடுத்தார். 1907 ஜூலையில் ராஸ் உட்பட பத்து விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கடிதம் வந்தது. கல்கத்தாக் குளத்தங்கரைக்கு அவரை அழைத்துப்போன சிம்ப்சனும் அதில் ஒருவர். அந்த நவம்பரில் ஹாஃப்கின் மீதான பழி நீக்கப்பட்டது. அதே 1907-ல், பிளேக்கால் இந்தியாவில் இறந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பாதியளவு பஞ்சாபில். முல்கோவாலுக்குப் பிறகு அங்கே தடுப்பூசித் திட்டம் படுத்துவிட்டிருந்தது. ஊசி போட்டிருந்தால் இதில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று ஒரு கணக்குப் போடக் கை பரபரக்கும். அதற்கு உந்தேரா எண்ணை அப்படியே பஞ்சாபுக்குப் பெருக்க முடியாது, அதனால் போடவில்லை.

திரும்பி வந்தபோது

பழி நீங்கியும் பரேல் கிடைக்கவில்லை. இயக்குநர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். கல்கத்தாவில் ஒரு ஆய்வகம் கொடுத்தார்கள், மனிதர்களிடம் தடுப்பூசிப் பரிசோதனை செய்ய அனுமதி இல்லாமல். புதிய காலராத் தடுப்பூசி யோசனை அவரிடம் இருந்தது, அதை ஊரில் இறக்கிப் பார்க்க விடவில்லை. முதல் உலகப்போர் தொடங்கிய சமயம் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் பழமையான யூத வழிபாட்டில் ஆழ்ந்து, சேர்த்த பணத்தை கிழக்கு ஐரோப்பாவின் யூத மதப் பள்ளிகளுக்கு எழுதி வைத்தார். 1930, அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இறந்தார்.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1925-ல், பரேல் ஆய்வகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அதுவரை அங்கிருந்து வெளியே போன பிளேக் தடுப்பூசி 2 கோடியே 60 லட்சம் டோஸ். 1964-ல் இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. மும்பையில் வேலை பார்க்கிறவராக இருந்தால், பரேலில் ஆச்சார்ய தோண்டே மார்க் பக்கம் போகும்போது பாருங்கள். கவர்னர் குடியிருந்த அந்த மாளிகை இன்றும் ஆய்வகமாகவே இருக்கிறது.